ஆணியில் தொங்கிய ஒன்பதாம் எண்

"எங்க கம்பெனி எனக்குத் தாய்வீடு மாதிரிங்க. முதலாளிய சாமியா நெனைக்கிறேங்க. இந்தப் பரிச உசுரு இருக்கிற வரிக்கும் மறக்க மாட்டேங்க..."

கூடத்திலிருந்து அந்தக் குரல் வந்தபோது எலிசபெத் சமையற்கட்டில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். எவளோ ஒருத்தி இப்படிக் குழைகிறாளே, வெட்கம் கெட்டவள் என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த நொடி டீ மேடையில் சிந்தியது. அது அவளுடைய குரல்! மூன்று மாதத்துக்கு முன்னால் கம்பெனியில் எல்லார் எதிரிலும் பரிசு வாங்கிக்கொண்டு அவள் பேசியது. யாரோ போனில் பிடித்து வைத்திருக்கிறார்கள். இப்போது அவள் வீட்டுக் கூடத்திலேயே அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"இன்னா அழகா பேசிக்கிறா பாருங்க பாப்பா! ஊட்ல என்னாண்ட ஒரு நாளாச்சும் இப்டிப் பேசிருப்பாளா?" என்று அவள் கணவன் பிலவேந்திரன் வந்திருந்த பெண்ணிடம் சொல்லிச் சிரித்தான்.

பூசணம் பிடித்த வேர்க்கடலைப் பருப்பை, அவர்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, தெரியாமல் கடித்துவிட்டால் நாக்குக்கு அடியில் ஒரு கசப்பு பரவும். நாலு சொம்பு தண்ணீரில் கொப்பளித்தாலும் போகாது. பதினான்கு வருடமாக மல்லாட்டை பொறுக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவள் அவள். அந்தக் கசப்பு எத்தனையோ முறை அவளுக்கு வந்திருக்கிறது. ஆனால் தன் சொந்தக் குரலைக் கேட்டு அது வந்தது இதுதான் முதல் தடவை.

டம்ளரைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மடியில் லேப்டாப்போடு பிரவீணா உட்கார்ந்திருந்தாள். முதலாளி கோவிந்தராஜின் தம்பி மகள்; முதலாளி மகன் விக்ரமனுக்குத் தங்கை முறை. சென்னையில் மேலாண்மைப் படிப்பில் ஆராய்ச்சி செய்கிறவள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும், கடை பொம்மைக்கு இருப்பதைப் போல.

"டீ எடுத்துக்குங்க பாப்பா."

"எதுக்குக்கா சிரமம்? உக்காருங்க. உங்க பேச்சைத்தான் கேட்டுட்டிருந்தோம். என் ஆராய்ச்சிக்கு நீங்கதான் ஹீரோயின், தெரியுமா?"

ஞாயிற்றுக்கிழமை. கோயில் பூசை முடிந்து வந்து புடவை கூட மாற்றவில்லை எலிசபெத். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பிரவீணா பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து டீப்பாயின் மேல் வைத்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. நம்ம கம்பெனியில சென்சார் வெச்சு ஆறு மாசம் ஆய்வு பண்ணோம்ல? ஐ.ஓ.டி.ன்னு சொல்வோம், பொருளெல்லாம் இன்டர்நெட்ல பேசிக்கும். சின்னக் கம்பெனிங்களுக்கு அதனால என்ன லாபம்னு இதுவரைக்கும் நம்ம பக்கத்துல யாருமே எழுதல. வெளிநாட்டுப் பத்திரிகையில என் கட்டுரை வரப்போவுது. எல்லாம் சரின்னுட்டாங்க. இருபத்திரண்டு பேரும் முன்னாடியே சம்மதம் குடுத்தாங்களா, அந்தப் படிவத்தை மட்டும் அனுப்புன்னு கேக்கறாங்க. இருபது பேரு போட்டுட்டாங்க. நீங்களும் வசந்தாக்காவும்தான் பாக்கி."

"தேதி போடற எடம் காலியா இருக்குதே பாப்பா?"

"அத நான் போட்டுக்கறேன். ஆய்வு ஆரம்பிச்ச அன்னிக்குத் தேதி."

"அன்னிக்கு எங்கள யாரும் கேக்கலியே?"

"கேட்டிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பீங்க?" பிரவீணா அழகாகச் சிரித்தாள். "நாளைக்குக் காலைல விக்ரமன் அண்ணன் சூப்பர்வைசர் யாருன்னு சொல்லப் போறார். உங்க பேருதான் எழுதி வெச்சிருக்கார். இந்த ரெண்டு தாளும் கையெழுத்தோட அவர் டேபிளுக்குப் போயிட்டா முடிஞ்சுது."

"ரெண்டுமா?"

"வசந்தாக்கா என்னைப் பாத்தாலே கதவ சாத்திக்கிறாங்க. நீங்க போய்க் கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. பதினோரு வருஷம் எதிரெதிர்ல நின்னு வேலை செஞ்சவங்களாச்சே!"

பிலவேந்திரன் முதுகில் கட்டியிருந்த பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் நகர்ந்தான். லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் மூட்டை தூக்கப்போய் முதுகுத்தண்டு விலகி, வீட்டோடு கிடக்கிறான். "இந்தாமே, இன்னா யோசன? நாள் பூரா நின்னுக்கினே கெடந்து உன் காலு வீங்கிக் கெடக்குது. சூப்பர்வைசர்னா சேர்ல உக்காரலாம். போட்டு வுடு."

"ஒரு நிமிஷம். அக்காவப் பத்தி நான் எழுதியிருக்கறத படிக்கிறேன்" என்று பிரவீணா திரையைப் பார்த்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். "ஒன்பதாம் எண் பெண் தொழிலாளி, வயது நாற்பத்திமூன்று. கண்காணிப்பு தொடங்கிய பிறகு அவருடைய சுயகட்டுப்பாடு வியப்பூட்டும் அளவுக்கு உயர்ந்தது. ஆறு மாத காலத்தில் வேலை நேரத்தில் அவர் கழிப்பறைக்குச் சென்ற தடவைகள் பூஜ்யம். மாறாக, பதினான்காம் எண் தொழிலாளி..."

எலிசபெத் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பதினான்காம் எண்ணுக்கு ஒரு பெயர் இருக்கிறது. வசந்தா.

எலிசபெத் பிறந்தது வல்லத்துக்குப் பக்கத்தில். அப்பா ஞானம் மானாவாரியில் மல்லாட்டை போட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் எட்டாவது வரைக்கும் படித்தாள். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று மதர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவாராம். பத்தொன்பது வயதில் செஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். ஒரே மகள் லூசி. புதுச்சேரியில் நர்சிங் படிக்கிறாள்.

திருவண்ணாமலை சாலையில் இருக்கும் கோவிந்தராஜின் கம்பெனியில் வேலை சுலபமாகத் தெரியும், பார்க்கிறவர்களுக்கு. தோல் உரித்த பருப்பு பெல்ட்டில் ஊர்ந்து வரும். இரண்டு பக்கமும் பெண்கள் நின்றுகொண்டு சொத்தை, சூம்பல், பூசணம் எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ள வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கண் அசையக் கூடாது. எதிரில் நிற்கிறவள் இரண்டு நிமிடம் எங்காவது போய் வந்தாலும் தெரியாது. எலிசபெத்துக்கு எதிர்ப்பக்கம் வசந்தா. அவளைவிட ஆறு வயது சின்னவள். வாய்த்துடுக்கு. அவள் ஒருத்தி வராவிட்டால் அந்தக் கொட்டகையே சவக்களை கட்டிவிடும்.

வசந்தாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் உதிரம் நிற்காது. ஆபரேஷனுக்கு நாள் தள்ளிக்கொண்டே போனாள். இது எலிசபெத்துக்கு மட்டும்தான் தெரியும். வசந்தா கண்ணால் ஜாடை காட்டுவாள். எலிசபெத் தலையாட்டுவாள். வசந்தா கழிப்பறைக்குப் போய்விட்டு வரும் வரைக்கும் எலிசபெத்தின் கை பெல்ட்டின் இரண்டு பக்கத்துக்கும் ஓடும். அவள் திரும்பி வரும்போது முகம் சுண்ணாம்பாக வெளுத்திருக்கும். "போயி ஒரு லோடு எறக்கிட்டு வந்துட்டேன்க்கா" என்று சிரிப்பாள், பாவி!

போன வருடம் முதலாளி மகன் விக்ரமன் படிப்பை முடித்துவிட்டு வந்தான். கூடவே பிரவீணாவும் வந்தாள். சுவரில் இரண்டு, தூணில் ஒன்று, கழிப்பறை வாசலுக்கு மேலே ஒன்று என்று வெள்ளைப் பெட்டிகளைப் பொருத்தினார்கள். பெண்களை வரிசையில் நிற்க வைத்து, நம்பர் போட்ட பிளாஸ்டிக் வில்லை ஒன்றைக் கழுத்தில் மாட்டினார்கள்.

"தீ கீ புடிச்சிக்கினா உள்ள யாரு இருக்கீங்கன்னு தெரியணும்ல? உங்க பாதுகாப்புக்குத்தான்" என்றான் விக்ரமன்.

"பசு மாட்டுக்குக் காதுல குத்துனாங்க, நமக்குக் கழுத்துல மாட்டறாங்க. அடுத்தது சினை ஊசிதான்!" என்றாள் வசந்தா. எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யார் எந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதை அந்த வில்லை ஒவ்வொரு நொடியும் எங்கோ அனுப்பிக்கொண்டிருந்தது அந்தச் சிரிப்பில் யாருக்கும் தெரியவில்லை.

எலிசபெத்துக்கு அந்த நைலான் பட்டை ஒத்துக்கொள்ளவில்லை. வியர்வையில் கழுத்து புண்ணாகிவிட்டது. இரண்டாவது வாரமே பட்டையை அறுத்துப் போட்டுவிட்டு, வில்லையைத் தன் உத்தரியக் கயிற்றில் முடிந்துகொண்டாள். கார்மேல் மாதாவின் பெயரால் மந்திரித்து, சிறு வயதில் முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய நாளில் கோயில் சாமியார் அவளுக்குப் போட்ட உத்தரியம் அது. கயிற்றின் இரண்டு முனையிலும் காப்பி நிறத் துணித்துண்டு. அது கழுத்தில் இருக்கும்போது கழிப்பறைக்குப் போகக் கூடாது என்பது அவள் வீட்டு வழக்கம். அம்மா அப்படித்தான், அத்தை அப்படித்தான். கழற்றி ஓர் ஆணியில் மாட்டிவிட்டுப் போய், கை கால் கழுவிக்கொண்டு வந்து, கண்ணில் ஒற்றிப் போட்டுக்கொள்வார்கள். கம்பெனியில் அவள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே தூண் இருந்தது. தூணில் ஆணி இருந்தது. பெட்டியும் அதே தூணில்தான்!

எலிசபெத் கழிப்பறைக்குப் போனாள். வில்லை ஆணியில் தொங்கிக்கொண்டு வேலை பார்த்தது.

ஆறு மாதம் கழித்து, எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, சுவரில் பெரிய டி.வி. மாட்டிப் படம் காட்டினார்கள். விருந்தாளிகளாகப் பஜாரிலிருந்து ஏழெட்டு முதலாளிகள் வந்திருந்தார்கள். முதலில் எலிசபெத்தைக் கூப்பிட்டு ஒரு ஹாட்பாக்ஸும் சால்வையும் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். ஏன் பரிசு, எதற்குப் பரிசு என்று அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு வருடம் உழைத்ததற்குத்தான் என்று நினைத்தாள், பைத்தியக்காரி. நெஞ்சு நிறைந்துபோய், கண்ணீரோடு, முதலாளியைச் சாமி என்றாள்.

அதற்கப்புறம் டி.வி.யில் கோடு கோடாகப் படம் வந்தது.

"இந்தப் பச்சைக் கோடு ஒன்பதாம் நம்பர். கழிப்பறை பூஜ்யம்! இப்ப இந்தச் சிவப்புக் கோட்டைப் பாருங்க. பதினாலாம் நம்பர். ஒரு நாளைக்கு ஏழு தடவ, எட்டு தடவ. ஒவ்வொரு தடவையும் பதினஞ்சு நிமிஷம். அங்க போயி இன்னா பண்றாங்கன்னு அவங்களத்தான் கேக்கணும்" என்றான் விக்ரமன்.

ஆண்கள் சிரித்தார்கள். பஜார் முதலாளி ஒருவர் வெற்றிலைச் சாற்றைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, "போன் பேசப் போயிருக்கும்" என்றார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

வசந்தா எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். அத்தனை ஆண்கள் எதிரில், அவள் என்ன சொல்லுவாள்? எந்த வார்த்தையால் சொல்லுவாள்? வாழ்நாளில் முதல் தடவையாக வசந்தாவுக்குப் பேச்சு வரவில்லை. அன்று சாயங்காலமே அவளை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எலிசபெத்துக்கு விஷயம் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்த நிமிடமே விளங்கிவிட்டது. கை தானாகக் கழுத்துக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தது. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "சார், நானும் போனேன், வில்லை ஆணியில இருந்திச்சி." ஒரே ஒரு வார்த்தை! தோளில் சால்வை இருந்தது. மடியில் ஹாட்பாக்ஸ் இருந்தது. வீட்டில் முதுகு ஒடிந்த புருஷன் இருந்தான். அவள் எழுந்திருக்கவில்லை.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது வசந்தா அவள் பக்கத்தில் வந்தாள். கோபமே இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள்.

"நீ எப்டிக்கா ஒரு நாளு கூட போவாம இருந்த? நானும் அடக்கிக்கினு இருந்து பாத்துருக்கலாமோ?"

பஸ் வந்தது. எலிசபெத் பதில் சொல்லாமல் ஏறிக்கொண்டாள். அன்றைக்கு ஆரம்பித்தது அந்தக் கசப்பு. சோற்றில் கசப்பு, தண்ணீரில் கசப்பு. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் மண்டியிட்டு, சாமியாரிடம் மற்ற பாவங்களைச் சொல்லியும், இதை மட்டும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாள். மூன்று மாதம்!

"...அக்கா? கேக்கறீங்களா?" பிரவீணா திரையை மூடினாள். "எவ்ளோ பெருமை பாருங்க. உங்களப் பத்தி உலகம் பூரா படிக்கப் போறாங்க. இந்தாங்க பேனா."

எலிசபெத் பேனாவை வாங்கினாள். தாளைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்புக்குள் கைவிட்டுக் கயிற்றை வெளியே இழுத்தாள்.

"பாப்பா, இது இன்னா தெரியுமா?"

"ஏதோ சாமிக் கயிறு..."

"உத்தரியம். இதுலதான் உங்க வில்லைய முடிஞ்சி வெச்சிருந்தேன். இதப் போட்டுக்கினு நாங்க கக்கூசுக்குப் போவ மாட்டோம். கயட்டித் தூண்ல ஆணில மாட்டிட்டுத்தான் போவேன். தெனம் நாலு தடவ போயிக்கினுதான் இருந்தேன். நீங்க எழுதிக்கிறீங்களே பூஜ்யம், அது என்னோடது இல்ல. அந்த ஆணியோடது."

பிரவீணாவின் சிரிப்பு அப்படியே நின்றது. பிலவேந்திரன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஐயோ, தப்பு நடந்துவிட்டதே என்று இந்தப் பெண் பதறுவாள் என்று எலிசபெத் நினைத்தாள். படித்த பெண். வசந்தா அக்காவுக்கு இப்படி ஓர் அநியாயம் செய்துவிட்டோமே என்று சொல்லுவாள். சொன்னால் போதும், அவள் காலைக்கூடப் பிடித்துக்கொள்ளலாம், இரண்டு பேரும் சேர்ந்து அழலாம்.

பிரவீணா எட்டி வாசல் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"இது வேற யாருக்காச்சும் தெரியுமாக்கா?"

எலிசபெத்துக்கு உடம்பு கூசியது. சாக்கடைத் தண்ணீர் காலில் பட்டதுபோல் பாதத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"தெரியாது."

"அப்பாடா. அப்போ பிரச்சினை இல்ல. இருங்க, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்." பிரவீணா போனை எடுத்தாள். பதற்றத்தில் ஸ்பீக்கரை அணைக்கவில்லை. விஷயத்தை அவள் பாதி ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் விக்ரமன் குரல் வந்தது.

"அந்தம்மா சொன்னா சொல்லிட்டுப் போவட்டும். ஒன்பதையும் பதினாலையும் லிஸ்ட்லேர்ந்து தூக்கிடு. இருபது பேர வெச்சி எழுதிக்க."

"ஒன்பதாம் நம்பர்தாண்ணா என்னோட மெயின் கேஸே. அவங்கள எடுத்துட்டா கட்டுரையில என்ன இருக்கு?"

"அப்ப எடுக்காத, கையெழுத்து வாங்கிக்கினு வா. இங்க பாரு, மூணு கம்பெனில இதே சிஸ்டத்த மாட்டித் தரச் சொல்லிக்கிறாங்க. அன்னிக்கி வந்தாங்களே, அந்தப் பார்ட்டிங்கதான். கட்டுரை வரட்டும்னு காத்துக்கினு இருக்காங்க. ஆணி கூணின்னு நீ எங்கயும் வாயத் தொறந்துடாத."

"வசந்தாவத் திரும்ப எடுத்துக்குவீங்களா தம்பி?" என்று எலிசபெத் போனைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்.

"எலிசபெத்தாக்காவா? அந்தம்மா போனது போனதுதாங்க்கா. அவங்கள எடுத்தா அப்புறம் மிஷினுக்கு இன்னா மரியாத?" லைன் நின்றுவிட்டது.

பிரவீணாவின் கண்ணில் நீர் திரண்டிருந்தது. பொய்யில்லை, நிஜமான கண்ணீர். "நாலு வருஷ உழைப்புக்கா. எங்க வீட்ல பொண்ணு படிச்சது போதும்னாங்க. சண்டை போட்டு வந்தேன். இந்த ஒரு கட்டுரை வரலன்னா எனக்குப் பட்டம் கெடைக்காது. நீங்களும் ஒரு பொண்ணு பெத்து வெச்சிருக்கீங்க, படிக்க வெக்கிறீங்க. உங்களுக்குப் புரியாதா?"

எலிசபெத்தின் மனம் அப்படியே இளகியது. லூசியின் முகம் வந்து நின்றது. கை பேனாவை இறுக்கிப் பிடித்தது. பிரவீணாவுக்கு அது போதவில்லை போலிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் ஒரு வார்த்தை சொன்னாள்.

"வசந்தாக்காவுக்கு என்னக்கா, வேற எங்கயாச்சும் வேலை கெடைச்சிருக்கும்."

"அவ எதுக்கு அவ்ளோ தடவ போனான்னு என்னிக்காச்சும் கேட்டீங்களா பாப்பா?"

"அது... எங்க ஆய்வுக்குள்ள வராதுக்கா. எத்தினி தடவைங்கறது மட்டும்தான் எடுத்தோம்."

"அவளுக்குக் கர்ப்பப்பையில கட்டி. துணி மேல துணி மாத்திக்கினு நின்னு வேல செஞ்சா. நீங்க செவப்புக் கோடு போட்டீங்களே, அது அவ ரத்தம் பாப்பா! நீங்களும் பொம்பளதான? ஒரு பொம்பள ஏழு தடவ போனா இன்னாவா இருக்கும்னு உங்களுக்குத் தோணவே இல்லியா?"

பிரவீணா தலையைக் குனிந்துகொண்டாள். பிலவேந்திரனுக்கு இதெல்லாம் புதுசு. பெல்ட்டின் முனையைத் திருகிக்கொண்டிருந்தான்.

எலிசபெத் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். அச்சடித்த எழுத்துக்குக் கீழே, மதர் மெச்சிய அதே முத்துக் கையெழுத்தில் எழுத ஆரம்பித்தாள். எழுத எழுத வாய்விட்டுப் படித்தாள்.

"என் பெயர் எலிசபெத். என்னைக் கேட்டு யாரும் வில்லை மாட்டவில்லை. தீப்பிடித்தால் காப்பாற்ற என்று சொன்னார்கள். நான் கக்கூசுக்குப் போகும்போது வில்லையை ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன். தினம் நாலு தடவை போனேன்..."

"அக்கா, பிளீஸ், இந்த வார்த்தையெல்லாம் எழுதணுமா? அசிங்கமா இருக்கு."

"எளுதுனா அசிங்கம். ஊரக் கூட்டி டி.வி.ல போட்டுக் காட்டுனா ஆராய்ச்சியா?" எலிசபெத் நிமிர்ந்து பார்க்காமலே எழுதிக்கொண்டு போனாள். "பரிசு வாங்கின அன்றைக்கே இது தப்பான கணக்கு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வசந்தாவின் வேலை போனதில் எனக்கும் பங்கு உண்டு."

கையெழுத்துப் போட்டாள். இன்றைய தேதியைப் போட்டாள். பிறகு வசந்தாவின் படிவத்தை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் அதே வரிகளை ஓர் எழுத்து மாறாமல் மறுபடியும் எழுதினாள்.

"இந்தாமே, நாளைக்கு வேல இருக்காதே" என்றான் பிலவேந்திரன் மெதுவாக. அது தடுக்கிற குரலாக இல்லை. ஒரு தகவலைச் சொல்கிற குரலாக இருந்தது.

"தெரியும்."

அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பிரவீணாவின் செருப்பு வாசற்படிக்கு உள்ளே கிடந்தது. அதைக் காலால் நகர்த்தி வெளியே, அவள் மாட்டிக்கொள்ள வசதியாக, ஜோடி சேர்த்து வைத்தான்.

எலிசபெத் தன் தாளை நீட்டினாள். "இந்தாங்க பாப்பா. இத உங்க பத்திரிகைக்கு அனுப்புங்க."

"இது செல்லாதுக்கா. இத வெச்சிட்டு நான் என்ன பண்றது?"

"கிளிச்சிப் போட்டாலும் போடுங்க. கிளிக்கறப்ப நீங்க படிச்சிருப்பீங்கல்ல, அது போதும்."

"வசந்தாக்காவோட படிவம்?"

"நீங்கதான் அவளாண்ட என்னப் போவச் சொன்னீங்க. எடுத்துக்கினு போறேன். மூணு மாசமா பதில் சொல்லாம வெச்சிக்கிறேன் அவளுக்கு. இந்தப் பக்கம் படிப்பா, அந்தப் பக்கம் படிப்பா. என்ன செருப்பால அடிச்சாலும் அடிக்கட்டும். அடிச்சி முடிச்சதும், அந்த மூணு கம்பெனிக்கும் என்னக் கூட்டிக்கினு போவச் சொல்லப் போறேன். அங்க பெல்ட்ல நிக்கறவளுங்களுக்குத் தெரியட்டும், கயுத்துல மாட்ட வர்ற வில்ல இன்னா வேல செய்யும்னு."

பிரவீணா லேப்டாப்பைப் பையில் வைத்தாள். தாளை என்ன செய்வதென்று தெரியாமல் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தாள். மடித்தாள். பையின் உள் அறையில் வைப்பதா, வெளி அறையில் வைப்பதா என்று தடுமாறி, கடைசியில் கையில் பிடித்தபடியே வாசலுக்குப் போனாள். செருப்பு மாட்டிக்கொண்டு திரும்பினாள். இந்த முறை முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. அது இல்லாத முகம் ரொம்பச் சின்னப் பெண்ணின் முகமாக இருந்தது.

"என்மேல கோவமாக்கா?"

"கோவமா இருந்தா திட்டியிருப்பேன் பாப்பா. அருவருப்பா இருக்குது. உங்க மேல மட்டும் இல்ல, என் மேலயுந்தான். நான் என்னோடதக் களுவிக்கப் போறேன். நீங்க உங்களோடதப் பாத்துக்குங்க. வெயில் ஏறுது, போயிட்டு வாங்க."

பிரவீணா படியிறங்கினாள். தெருவில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் இரண்டு தடவை மறுத்து மூன்றாவது தடவை உயிர் பெற்றது. அது தெருமுனை திரும்பும் வரைக்கும் எலிசபெத் நிலைப்படியிலேயே நின்றாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.